கூரையில் தொடங்கிய மடம்

நான் ஸ்டுட்கார்ட்டில் கூரை வேலை செய்பவன். ஓடு மாற்றுவேன், ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பேன். அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் ஆர்மீனியாவில் இருக்கும் ஒரு பழைய மடத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எப்படி என்று கேட்பீர்கள். என் மகளால்தான்.

அப்போது அவள் ஏழாம் வகுப்பு. வரலாற்றில் ஐந்து விழும்போல இருந்தது. இங்கே ஒன்று என்றால் மிக நல்லது, ஐந்து என்றால் தோல்வி. எழுதச் சொன்னால் எழுதுவாள். வகுப்பில் வாய் மட்டும் திறக்க மாட்டாள். அதனால் ஆசிரியை ஒரு ரெஃபராட் செய்யச் சொன்னார். எல்லோர் முன்னும் நின்று பேச வேண்டும். பழைய கட்டடங்களின் பெயரை எழுதிச் சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு அந்த மடம் வந்தது.

மடம் என்றால் துறவிகள் இருந்து செபிக்கிற இடம். ஏறக்குறைய எண்ணூறு வருடம் பழையது. பாதியைக் கல் அடுக்கிக் கட்டினார்கள். மீதியை மலைக்குள்ளேயே குடைந்தார்கள். கோபுரம் வெளியே கூராக்கிய பென்சில் மாதிரி இருக்கும், பனி வழுக்கி விழட்டும் என்று. உள்ளே நின்று அண்ணாந்தால் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். சுவரெல்லாம் சிலுவைகள். இலங்கையில், மன்னாரில் எங்கள் கோயிலில் இருப்பதுபோல அவற்றில் இயேசு இல்லை. சிலுவையின் அடியிலிருந்து இலையும் கொடியும் முளைத்திருக்கும்.

வேலையிடத்தில் மிஞ்சிய ஸ்டைரோபோர் என்கிற வெள்ளை நுரைப்பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து, ஞாயிறு பின்னேரம் இருவருமாக அந்த மடத்தின் மாதிரி ஒன்று செய்தோம். அவள் குறிப்பு எழுதப் போன நேரம் கூரையை நான் ஒட்டினேன். அவள் எடுத்து வைத்திருந்த படத்தில், குடைந்த மண்டபத்தின் கூரை நடுவே ஓர் ஓட்டை. பழைய கட்டடம்தானே, இடிந்திருக்கும் என்று நினைத்து, மூடி வெட்டி இறுக்கி ஒட்டிவிட்டேன்.

"அப்பா! ஏன் இதை அடைச்சனீங்கள்?"

"மழை உள்ளுக்க வருமெல்லே, பிள்ளை."

"ஐயோ, அதாலதான் வெளிச்சமே வாறது! அங்க யன்னல் இல்லை. மலைக்கு மேல நிண்டு அந்த ஓட்டையைப் போட்டு, அதுக்குள்ளால குடைஞ்சு குடைஞ்சு இறங்கினவையாம். முதல் கூரை, பிறகு தூண், கடைசியிலதான் நிலம்."

"கூரையில இருந்தோ? கூரை கடைசி வேலையெல்லே!"

"உங்களுக்குக் கடைசி. அவைக்கு முதல்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டைக்கு மேலே டார்ச்சைப் பிடித்தால் எல்லோரும் வெளிச்சம் விழுகிற இடத்தைப் பார்ப்பார்கள், தன்னைப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித்தான் பேசவே சம்மதித்திருந்தாள். நான் அதைப்போய் அடைத்துவிட்டேன்.

கத்தியால் அறுத்தேன். நான் ஒட்டினது லேசில் வருமா? ஓரமெல்லாம் பிய்ந்து, மூடி ஒரே துண்டாகக் கழன்றது. வைத்தால் மூடியது, தூக்கினால் திறந்தது. எறியப் போனேன்.

"விடுங்கோ, கிடக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் வகுப்பில் மூடியை வைத்துவிட்டு, மாதிரியின் வாசலால் எட்டிப் பார்க்கச் சொன்னாளாம். "இருட்டு, ஒன்றும் தெரியவில்லை" என்று பிள்ளைகள் கத்தினார்களாம். டார்ச்சைப் பிடித்தபடி மூடியைத் தூக்கி, வேலை இங்கேதான் தொடங்கியது என்றாளாம்.

"எல்லாரும் ஓட்டையைத்தானே பாத்தவை?" என்று கேட்டேன்.

"முதல்ல ஓட்டையை. பிறகு கேள்வி கேட்டுக் கேட்டு என்னைத்தான் பாத்தவை. எனக்கு நிப்பாட்ட ஏலாமப் போச்சு."

ரெஃபராட்டுக்கு இரண்டு கிடைத்தது. வரலாற்றில் தப்பிவிட்டாள்.