விரல்களுக்கு அட்டென்டன்ஸ்

குளிர் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு திமிர் உண்டு. டிசம்பரில் வேலூரிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வருவார். காலையில் குழாய்த் தண்ணீரில் கையை வைத்ததும் அவர்கள் போடும் கூச்சலைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். "இதுக்கே இப்படியா? நாங்க பொறந்ததிலேருந்து இதுலதான் இருக்கோம்" என்று அத்தை சொல்வாள். அப்படிச் சொல்கிற அத்தையின் தலையில் குரங்குக் குல்லாவும், உடம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டரும் இருக்கும் என்பது வேறு விஷயம்.

அதனால், நர்ஸாக இருந்த அம்மா இரண்டு வருடத்துக்குக் கனடா போவது என்று முடிவானபோது, குளிரைப் பற்றி வீட்டில் ஒருவரும் கவலைப்படவில்லை. எனக்கு யார் தலை பின்னுவது, கணக்குப் பாடம் யார் சொல்லித்தருவது என்றுதான் பேச்சு. அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தாள். தலைக்குத் தானிருப்பதாகவும் கணக்குக்கு டியூஷன் இருப்பதாகவும் அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். குளிருக்கு அவள் பின்னிய பழுப்புக் குல்லா ஒன்று, கம்பளிக் கையுறை ஒரு ஜோடி, ரோட்டோரத் திபெத்துக்காரர்களிடம் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர் இரண்டு, ஒரு டப்பா சுக்குப் பொடி. "பெங்களூர்க்காரிக்குக் குளிர் என்ன புதுசா, போய்ட்டு வா" என்று பெட்டியை அழுத்தி மூடினாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. நானும் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து உதவி செய்தேன்.

அம்மா போன ஊர் கனடாவுக்கு நடுவில் எங்கோ இருந்தது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. தினமும் காலை ஏழு மணிக்கு, நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு இட்லியோடு உட்கார்ந்திருக்கும்போது, வீடியோ காலில் வருவாள். அவளுக்கு அது முந்தின நாள் சாயங்காலம். நான் இன்றைக்கு இருக்கும்போது அவள் நேற்றில் இருப்பது எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

நவம்பரில் அங்கே பனி கொட்ட ஆரம்பித்தது. அப்பா தொம்மலூரில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் எலெக்ட்ரீஷியன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போனில் அம்மா ஊரின் வெயில் மழை பார்ப்பது அவர் வழக்கம். நான் கேட்டால், "முப்பத்தொண்ணு" என்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பெங்களூரில் இருபத்தாறுதானே, அம்மாதான் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் போனை எட்டிப் பார்த்தபோது அந்த முப்பத்தொன்றுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தது. அது என்னப்பா என்றேன். "அது சும்மா டிசைன்" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஒரு தோசையோடு எழுந்துவிட்டார்.

அந்த டிசைனுக்கு அர்த்தம் சொன்னது என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள். அவளுடைய மாமா பட்டாளத்தில் இருந்தார், பனிமலையில் டியூட்டி பார்த்தவர். கோடு போட்டிருந்தால் ஐஸ் பெட்டியைவிடக் குளிர் என்று அர்த்தம், அந்தக் குளிரில் மாமாவின் சிநேகிதருக்கு மூன்று விரல் போயே போச்சு என்று அவள் சொன்னாள். எப்படிப் போகும் என்றேன். முதலில் கறுக்கும், அப்புறம் பென்சில் மாதிரி முறிந்து விழும் என்றாள். இதைச் சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வடையையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு மீதி வடை இறங்கவில்லை.

அத்தையிடம் கேட்டேன். கம்பளி இருக்கும்போது என்னடி பயம், என் பின்னலை மீறி எந்தக் குளிரும் உள்ளே போகாது என்று அடித்துச் சொன்னாள். நம்பத்தான் ஆசை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்முன் ஒரு தக்காளியை எடுத்து, அத்தை எனக்குப் பின்னியிருந்த குல்லாவுக்குள் வைத்துச் சுற்றி, ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கும் தட்டுக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா ஒரு நாள் வெளியே இருக்கிற நேரம் தக்காளியும் இருக்கட்டும் என்று கணக்கு. அன்றைக்குப் பள்ளியில் ஒன்றுமே ஏறவில்லை. சாயங்காலம் ஓடிவந்து குல்லாவைப் பிரித்தேன். தக்காளி கல்லாக இருந்தது. தரையில் தட்டினால் டொக்கு டொக்கு என்றது. நான் சமையலறையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அத்தை ஓடிவந்து, நல்ல குல்லாவையும் நல்ல தக்காளியையும் பாழாக்கினேன் என்று திட்டினாள், திட்டிக்கொண்டே பின்னலில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று குல்லாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தக்காளி அன்றைக்கு ரசமாயிற்று. நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை அம்மாவிடம் கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன். நான் பள்ளியிலிருந்து வந்ததும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் அவள் கூப்பிட வேண்டும். அவளுக்கு அது விடியற்காலை ஐந்தரை. வேலைக்குக் கிளம்புகிற நேரம், வெளியே போகப்போகிற நேரம், எனக்குப் பயமே அந்த நேரம்தான். அம்மா முதலில் முடியாது என்றாள், கொஞ்சினாள், சிரித்தாள். நான் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு, கூப்பிடாவிட்டால் இனிமேல் சாப்பிடவே மாட்டேன் என்றேன். என் பிடிவாதம் அவளுக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். பின்னால் ஒரே இருட்டு, ஒரு தெருவிளக்கு, ஒரு கண்ணாடிக் கொட்டகை. பஸ் ஸ்டாப் என்றாள். முகத்தில் பாதி மூடியிருந்தது. அவள் பேசப் பேச வாயிலிருந்து புகை வந்தது. இமை முடியெல்லாம் வெள்ளை. "கிளவுஸைக் கழட்டு. விரலைக் காட்டு" என்றேன். எதுக்குடி பாப்பா என்றாள். காட்டு என்று கத்தினேன். அவள் இடது கையுறையைப் பல்லால் கடித்து உருவி, கையைக் காட்டினாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ண எண்ண அவள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். அப்புறம் போனைக் கை மாற்றிக்கொண்டு வலது கை. பத்து வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

அதற்கு அட்டென்டன்ஸ் என்று பெயர் வைத்தது அம்மாதான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அது நடந்தது. எப்போது பார்த்தாலும் அவள் அந்தப் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருப்பாள். பஸ் வருவதற்குள் பேச நிறைய நேரம் இருக்கும். இந்தப் பஸ் ஏன் இவ்வளவு லேட்டாக வருகிறது, நம் ஊர் பஸ்ஸே தேவலை போலிருக்கிறதே என்று நான் அங்கலாய்ப்பேன். அவள் ஆமாம் ஆமாம் என்பாள். கிறிஸ்துமஸுக்கு அத்தை குடில் ஜோடித்து, வழக்கம்போல் வைக்கோல் கூரைமேல் பஞ்சைப் பிய்த்துப் பனியாகப் போட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் எல்லாப் பஞ்சையும் பொறுக்கி எடுத்துவிட்டேன். குழந்தை இயேசு கையில்லாச் சட்டையோடு படுத்திருந்தார். அவருக்கும் பத்து விரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒருநாள் அது நடந்தது. இடது கை ஐந்தும் முடிந்து வலது கைக்கு வந்திருந்தோம். கட்டைவிரல், ஆறு. ஆள்காட்டி விரல், ஏழு. எட்டு என்று நான் வாயைத் திறக்கும்போது படம் அப்படியே நின்றது. அம்மா பாதி மடக்கிய கையோடு, வெள்ளை இமையோடு, அசையாமல் என்னைப் பார்த்தாள். பிறகு திரை கறுத்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. இன்னும் ஒரு தடவை. பத்து தடவை. ஊட்டியில்கூட இப்படித்தான் பேட்டரி தீர்ந்துபோகும், டவர் போகும் என்றெல்லாம் அத்தை சொல்லிப் பார்த்தாள். ஊட்டிக்கும் கனடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே புரியவில்லை, அவ்வளவு பதற்றம். எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அம்மா தக்காளி ஆகிவிட்டாள். நின்ற இடத்திலேயே, கையைத் தூக்கிக்கொண்டு, தட்டினால் டொக்கு டொக்கு என்கிற மாதிரி. அந்த எட்டாவது விரலும் ஒன்பதாவதும் பத்தாவதும் என்ன ஆயிற்றோ என்று நினைத்து நினைத்து எனக்கு வாந்தியே வந்துவிட்டது. அத்தை என்னைத் தரதரவென்று மாதா படத்துக்கு முன்னால் இழுத்துப்போய் முட்டி போட வைத்து, தானும் போட்டாள். அவளுக்கு மூட்டு வலி, முட்டி போட்டால் எழ முடியாது. அன்றைக்கு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் முழுசாகச் சொன்னாள்.

அப்பா எட்டு மணிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவருடைய போனுக்குத்தான் செய்தி வந்தது. அவர் சத்தமாகப் படித்தார். "போன் ஆஃப் ஆயிடுச்சு. வேலைக்கு வந்துட்டேன். பாப்பாகிட்ட சொல்லுங்க, பத்தும் இருக்கு." நான் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தை அழுதுகொண்டே, நான்தான் சொன்னேனே, டவர்தான் என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா சாயங்காலம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். குளிரில் பேட்டரி தாங்கவில்லை என்றாள். காலையில் மட்டும் வருவாள். போனை ஏதோ டப்பாமேல் சாய்த்து வைத்திருப்பாள், இடது கைதான் தெரியும். வலது கை எங்கே என்றால், மாவு பிசைகிறேன் என்பாள். ஒரு வாரம், பத்து நாள், தினமும் மாவு. ஒரு ஆளுக்கு இத்தனை சப்பாத்தி எதற்கு என்று எனக்கு ஆச்சரியம். பிறகு ஒருநாள் நான் விடாமல் அடம்பிடித்ததும் வலது கையைக் காட்டினாள். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் மருதாணி வைத்துக் கறுத்த மாதிரி இருந்தன. தோசைக்கல் சுட்டுவிட்டது என்றாள். பார்த்துச் செய்யக்கூடாதா, எப்பவும் அவசரம் என்று அத்தை குரலிலேயே அவளைக் கண்டித்தேன். சூடு என்றால் எனக்குப் பயமில்லை. என் கவலையெல்லாம் குளிரைப் பற்றித்தான்.

பத்து வருடத்துக்குப் பிறகு, அம்மாவோடு அங்கே ஒரே அறையில் இருந்த மலையாளி சேச்சி ஒரு கல்யாணத்துக்குப் பெங்களூர் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். காபி குடித்துக்கொண்டே அவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அறையில் நான்கு பேர், மற்ற மூன்று பேரும் தூங்குகிற நேரம் என்பதால் உள்ளே இருந்து பேச முடியாது. அதனால் அம்மா ஆறேகால் மணிப் பஸ்ஸுக்கு ஐந்தரைக்கே போய் நிற்பாளாம். போன் அணைந்த அன்றைக்கு, குழந்தை பயந்துபோயிருப்பாள் என்று பஸ் வரும்வரை வெறும் கையால் அதைத் தேய்த்துத் தேய்த்து, அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "பின்னே ஆ ரெண்டு விரலுக்கு உணர்ச்சியே வரல, பாவம்" என்றார் சேச்சி. பழசெல்லாம் இப்போ எதுக்கு என்று அம்மா அவசரமாக எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆறாவது விரலும் ஏழாவது விரலும். எட்டு, ஒன்பது, பத்துக்காகத்தான் நான் அவ்வளவு அழுதிருந்தேன்.

ஆனால் அம்மா இரண்டு வருடம் முடிந்து திரும்பி வந்த அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. ஏர்போர்ட் வாசலில் அவள் என்னைத் தூக்க வந்ததும் நான் முதலில் செய்த காரியம், இரண்டு கையையும் பிடித்து எண்ணியதுதான். பத்தும் இருந்தன. அப்பாவிடம் திரும்பி, பத்தும் இருக்கு என்று கத்தினேன். அப்பா ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் சப்பாத்தி போட்டாள். இடுக்கி தேடாமல், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நேராகக் கல்லிலிருந்து எடுத்தாள். ஆவி பறக்கிற சப்பாத்தி, அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எனக்குக் கண்கொள்ளவில்லை. தெருவுக்கு ஓடி, எங்க அம்மாவுக்குச் சூடே தெரியாது, வந்து பாருங்க என்று சிநேகிதிகளை எல்லாம் கூட்டிவந்தேன். நான்கைந்து பேர் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். அம்மா எங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். எங்களுக்காக இன்னொரு சப்பாத்தியைக் கல்லில் போட்டு, அது உப்பியதும், அதே இரண்டு விரலால் மெதுவாக எடுத்துக் காட்டினாள். எல்லாரும் கைதட்டினோம். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது நான்தான்.