துப்பிய தண்ணீர்

அடிமாட்டு விலைக்கு நிலம் வாங்குவதில் சிக்கல் ஊர் வீரலட்சுமியை அடித்துக்கொள்ள ராமநாதபுரம் சீமையில் ஆள் கிடையாது. கடலாடியில் ஒன்று, பெரியபட்டினத்தில் ஒன்று என்று வாங்கி, வாங்கிய சூட்டோடு விற்றுவிடுவாள். மற்றவர்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்துவிட்டு இடத்தைப் பார்ப்பார்கள். அவள் முதலில் கிணற்றைத்தான் பார்ப்பாள். பைக்குள் ஒரு சில்வர் தம்ளர் எப்போதும் கிடக்கும்.

இந்தக் காய்ந்த சீமையில் நிலத்துக்கு விலை சொல்வது தண்ணீர்தானே. ஒரு வாய் குடிப்பாள். உப்புக் கரித்தால் அப்படியே விழுங்கிவிட்டு, "நல்லாருக்குய்யா" என்று நாலு நல்ல வார்த்தை சொல்லி பஸ் ஏறிவிடுவாள். தண்ணீர் தேனாக இருந்தால்தான் துப்புவாள். முகத்தைச் சுளித்து, பாதி விலை கேட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் மெதுவாக நடப்பாள். விற்கிறவன் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் தோற்றான் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் நாலாவது கரண்ட் கம்பத்தைத் தாண்ட விட்டதில்லை.

தங்கச்சிமடத்தில் மீனவர் தெரு ஒன்றில் ஏழு சென்ட் மனை, நடுவில் தெருவே தண்ணீர் எடுக்கும் மணல்கேணி. மகள் ஆஸ்லினின் நர்சிங் படிப்புக்காக அதை விற்க வந்தாள் கிறிஸ்டினா. ஒட்டினாற்போல் அவள் வீடு. தெருவே குடத்தோடு நின்று வேடிக்கை பார்க்க, வீரலட்சுமி ஒரு வாய் குடித்தாள். இளநீர் தோற்றது. ஓங்கித் துப்பினாள்.

மூன்றாவது கம்பத்தில் கிறிஸ்டினா கூப்பிட்டுவிட்டாள்.

அந்த ஏழு சென்ட்டுக்காக வீரலட்சுமி சொந்த ஊர் சிக்கலில் இருந்த மிளகாய்க் காட்டை விற்றிருந்தாள். குடும்பத்துக்கு மிச்சமிருந்த ஒரே சொந்த மண் அது. புருஷன் ராக்கப்பன் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. ஒரே வருஷத்தில் ஒரு காட்டுக்கு இரண்டு காடாக வாங்கித் தருகிறேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

மூன்று மாதம் கழித்து மதுரையிலிருந்து ஒரு என்ஜினியர் போன் செய்தார். தங்கும் விடுதி கட்ட இடம் வேண்டுமாம். இடமும் அவள் சொன்ன விலையும் ஒத்துவருகிறது, தண்ணீர் மட்டும் நன்றாக இருக்க வேண்டும், வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார். வீரலட்சுமி குதூகலமாகப் போய் வாளியை இறக்கினாள். பச்சைப் பாசியும் வீச்சமுமாக ஏறி வந்தது தண்ணீர். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே துப்பினாள்.

நடந்தது இதுதான். சிக்கல்காரியின் நாக்கு தப்பாது, தண்ணீர் கெட ஆரம்பித்துவிட்டது என்று நம்பி, அன்றைக்கே தெரு அந்தக் கிணற்றைக் கைவிட்டுவிட்டது. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஒரு மைல் தள்ளியிருந்த குழாய்க்குப் போனார்கள். இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும்; அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மோட்டார் போட்டு இறைக்கவும் வழியில்லை; ஒரேயடியாக உறிஞ்சினால் கடல்தண்ணீர் உள்ளே ஏறிவிடும். கைகள் வேண்டும், நிறைய கைகள், கொஞ்சம் கொஞ்சமாக.

வெட்கத்தை விட்டு கிறிஸ்டினா வீட்டுக் கதவைத் தட்டினாள். தான் துப்பியது பொய் என்றும் சொன்னாள்.

"அது அன்னைக்கே தெரியும்க்கா. நான் பொறந்ததுலருந்து குடிக்கிற தண்ணி," என்றாள் கிறிஸ்டினா. "ஃபீஸு கட்ட நாளாயிருச்சு, அதான் கூப்பிட்டேன். நீங்க ஒழுங்காக் குடிச்சிட்டு, தெருவுக்குத் தண்ணி விடுறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னுங் கொறச்சே குடுத்திருப்பேன்."

வீரலட்சுமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தெரு மறுபடி வந்து இறைக்க இரண்டு நிபந்தனைகள் போட்டாள் கிறிஸ்டினா. யாருக்கு விற்றாலும் தெரு தண்ணீர் எடுக்கும் உரிமையைப் பத்திரத்தில் எழுத வேண்டும். தினமும் முதல் தம்ளரை வீரலட்சுமி எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும், துப்பாமல். முதல் மூன்று நாள் அவள் குடிப்பதைப் பார்க்கத் தெருவே கூடியது, கூடவே ஆளுக்குச் சில வாளி இறைத்தது. கண்ணில் நீர் வழிய, "நல்லாருக்கு" என்றாள். பத்தாவது நாள் கண்ணீர் வராமலே சொன்னாள். கிணறு பழைய ருசிக்குத் திரும்பியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் என்ஜினியர் வந்தார். பையிலிருந்து சொந்தத் தம்ளரை எடுத்தபோதே வீரலட்சுமிக்குப் பொறி தட்டியது. ஒரு வாய் குடித்தார். ஓங்கித் துப்பினார். முகத்தைச் சுளித்துப் பாதி விலை கேட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் மெதுவாக நடந்தார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ராக்கப்பனின் மிளகாய்க் காடு அந்த ஆளோடு சேர்ந்து நடந்து போய்க்கொண்டிருந்தது. முதல் கம்பம். இரண்டாவது கம்பம். கூப்பிடச் சொல்லி நாக்கு அரித்தது.

கிறிஸ்டினா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நாந்தேன் மூணாவதுல கூப்ட்டேன். நீங்க கூப்ட்றாதீங்க," என்றாள்.

வீரலட்சுமி வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இறைக்கத் தொடங்கினாள். நாலாவது கம்பத்தையும் தாண்டியது நடை. அதற்கப்பால் நிழல் இல்லை, கடை இல்லை, பஸ்ஸும் இல்லை. ஐந்தாவது கம்பத்தில் நின்ற என்ஜினியர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பி வந்தார். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றார்.

தெருவே பார்க்க, இரண்டு தம்ளர் மூச்சுவிடாமல் குடித்தார். பிறகு, தான் கேட்ட பாதி விலைக்கே முடித்துக்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"அது துப்புன வாய்க்குக் கேட்ட வெல தம்பி," என்றாள் வீரலட்சுமி. "குடிச்ச வாய்க்கு முழு வெல. கெணறு தெருவோடது, அதையும் பத்திரத்துல எழுதித்தேன் குடுப்பேன்."

என்ஜினியர் மூன்றாவது முறையாகத் தம்ளரை நீட்டினார்.