பிள்ளைக்கு ஆகாதாம்

குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசிப் புகார் எடுக்கும் பெண்ணுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பட்டாசு. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்பவள், டீ குடிக்கப் போகும்போதாவது வெடிக்காமல் என்ன செய்வாள்? ஏழாம் மாதம் ஆனதிலிருந்து அதற்கும் தடை வந்துவிட்டது. முகம் லேசாகச் சிவந்தாலே போதும், மேலதிகாரி முதல் மாமியார் வரை ஒரே பாட்டு: கோபப்படாதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கணவன் இன்னும் ஒரு படி மேலே. செய்தி ஓடினால் டிவியையே அணைத்துவிடுவான். எரிச்சல் வரக்கூடாது என்று இவர்கள் செய்த காரியங்களே அவளுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தன.

இதில் அப்பா கதை வேறு. எப்போது கூப்பிட்டாலும் அவர் நடக்கப் போயிருப்பதாக அண்ணன் சொன்னான். முட்டிவலியால் தெருமுனைக்கே போகாத மனுஷர் காலையிலும் நடக்கிறாராம், மதியமும் நடக்கிறாராம்! யார் காதில் பூச்சுற்றுகிறான்? ஒருநாள் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே, பார்வையாளர்கள் வெளியே போகலாம் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அவனைப் பிடி பிடியென்று பிடித்ததில் உண்மை வெளியே வந்தது. அப்பாவுக்கு மாரடைப்பு. மறுநாள் காலை இதய அறுவை சிகிச்சை. பிழைத்து வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணனும் அவள் கணவனும் பேசி வைத்திருந்தார்கள். பிழைக்காவிட்டால் என்று கேட்டாள்.

உடனே கிளம்பியவளைக் கணவன் விடவில்லை. அழுது கிழுது பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றான். அவனுக்குப் பயம், பாவம். அவளுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான், ஆனால் அதை ஒத்துக்கொள்ள இதுவா நேரம்? அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவின் முன்னால் நிறுத்தினாள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு அவனிடம் சொன்னார். "நஞ்சுக்கொடி சாப்பாடு அனுப்புறதுக்கு மட்டும் இல்லைங்க. அம்மா பதறும்போது ரத்தத்துல ஏறுற ஹார்மோன்ல பெரும்பகுதியை அது வழியிலேயே செயலிழக்க வச்சுடும். கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும். மாசக்கணக்கா மனசு நொந்து கிடந்தா அந்தக் காவல் தளரலாம்னு சொல்றாங்க. ஒரு நாள் அழுகைக்குப் பயப்படாதீங்க. அப்பா இருக்குற ஆஸ்பத்திரி பக்கத்துலதானே, கூட்டிட்டுப் போங்க."

இதை முதலிலேயே கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் பொரிந்து தள்ளிக்கொண்டே வந்தாள்.

அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாய் இளைத்துக் கிடந்தார். அவளைப் பார்த்ததும், "நீ ஏம்மா வந்தே? பிள்ளைக்கு ஆகாதே. நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்றார்.

இவருமா!

"பிள்ளையைப் பாத்துக்க உள்ள ஒரு காவல் இருக்குப்பா," என்றாள். "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்த் திட்டுவேன்?"

அவர் மெல்ல நகர்ந்து அவள் உட்கார இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். கணவன் பதறிக்கொண்டு கிட்டே வந்தான். அப்பா கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"விடுங்க மாப்ள," என்றார். "அழட்டும்."