பெட்டி என் மடியில்தான் இருந்தது

பேய் பிசாசு, காத்து கருப்பு எதையும் நான் நம்பியவள் இல்லை. சுங்கைப் பட்டாணியில் பத்தொன்பது வருடமாகக் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். 'தானாக' என்ற வார்த்தையைச் சொல்லாமல் என் கடைக்குள் யாரும் வந்ததில்லை. ஹாரன் தானாக அடிக்கிறது, கண்ணாடி தானாக இறங்குகிறது, விளக்கு தானாக எரிகிறது என்பார்கள். திறந்து பார்த்தால் எலி கடித்த வயரோ பச்சை பூத்த பிளக்கோதான் இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதனால் இதைக் கேட்டதும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு பிளக்கைக் கழற்ற மறந்திருப்பாய் என்பீர்கள். மறக்கவில்லை. மோட்டார் பிளக் இரண்டையும் கழற்றி டேப் சுற்றியிருந்தேன், மோட்டாருக்குக் கரண்ட் அனுப்புகிற பெட்டியையே பிடுங்கி என் மடியில் வைத்திருந்தேன். பொம்பளை வயரிங் பார்த்தால் மறந்துதான் போவாள் என்று நினைக்கிற ஆளாக இருந்தால் இங்கேயே எழுந்து போய்விடுங்கள், அப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சரோஜா அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாடாங் மேஹா பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது, குள்ளமான உருவம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஊருக்கு வந்து, நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகவேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும், மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம். அந்தப் பக்கம் நேரத்துக்கு பஸ் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் எத்தனை நாளைக்குத்தான் வேலையை விட்டுவிட்டுக் கூட்டிப் போவார்கள்? அதனால் கணவர் இறந்த பிறகு, ஐம்பத்தாறு வயதில், இரண்டு முறை தோற்று மூன்றாவது முறையில் லைசென்ஸ் எடுத்தார். எனக்கு அந்த அக்காவைப் பிடித்துப் போனதற்குக் காரணமே அதுதான்.

கார் கணவருடையது. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டக் கொந்தரேக்ட் எடுத்தவர், ஜப்பானிலிருந்து வந்த பழைய பெரிய கறுப்புக் கார் ஒன்றை வாங்கி, பிள்ளையைவிட மேலாக வைத்திருந்தார். உயிரோடு இருந்தவரை அக்காவை டிரைவர் சீட்டில் உட்காரவே விடவில்லை. "வீட்டுச் சாவி ஒங்கிட்ட, காடி சாவி எங்கிட்ட" என்பாராம். இதை அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காரில் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் தண்டு மோட்டாரில் நகரும். ஒரு மோட்டார் மேலும் கீழும் நகர்த்தும், இன்னொன்று முன்னும் பின்னும் தள்ளும். பக்கத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், அவரவர் உடம்புக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். சாவியை எடுத்தால் ஆள் இறங்க வசதியாகத் தானே மேலே ஏறிக்கொள்ளும், சாவியைப் போட்டால் பழைய இடத்துக்கு வரும். கணவருக்குப் பெரிய தொந்தி, அவர் ஸ்டீரிங் எப்போதும் உச்சத்தில் இருக்கும். அக்காவுக்கு அது அடிமட்டத்தில் இருந்தால்தான் கை எட்டும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அது மேலே ஏறுகிறது என்று அக்கா வந்தார். சாலையில் போய்க்கொண்டிருக்கும் காரில் ஸ்டீரிங் கையை விட்டு விலகுவது விளையாட்டில்லை. நான் கீழ்மூடியைக் கழற்றிப் பார்த்தேன், பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சாவித் துவாரத்தில் சந்தனம், குங்குமம், அதற்கு மேல் மஞ்சள் தண்ணீர், எல்லாம் இரண்டு வருடமாகச் சேர்ந்து காய்ந்து கெட்டியாகிக் கிடந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூசை போடுகிறாராம். சாவி உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் சின்ன சுவிட்ச் அந்தச் சேற்றில் முங்கிக் கிடந்தது. சாவியை எடுத்துவிட்டார்கள் என்று அது தப்பாகச் சொன்னால் ஸ்டீரிங் மேலே ஏறத்தானே செய்யும்.

"அக்கா, சாமிக்குக் காட்டுங்க, சுவிட்சுக்குக் காட்டாதீங்க" என்று திட்டினேன்.

"அவரு இருந்தப்ப அவருதான் வைப்பாரு, நிறுத்துனா நல்லாருக்காதேன்னு..." என்று இழுத்தார்.

சுவிட்சை மாற்றிச் சுத்தம் செய்தேன், ஓட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பெருமையோடு அனுப்பி வைத்தேன்.

நான்காம் நாள் திரும்பி வந்தார். மீண்டும் ஏறியதாம். இந்த முறை ஒரு நாள் முழுக்க மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வயர் வயராக அளந்தேன். கிரவுண்ட் வயர் போல்ட்டில் துரு இருந்தது, சுரண்டி இறுக்கினேன். பட்டனைப் பிரித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தண்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. கடைசியில்தான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன், எந்த இடத்தில் ஏறுகிறது என்று.

"தோட்டத்து முச்சந்தி தாண்டுனதும்லா. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மட்டும். வீட்டுக்கு வர்றப்ப ஒண்ணும் செய்யாது."

எனக்கு எரிச்சலாக வந்தது. வயருக்கு ஊரும் தெரியாது, திசையும் தெரியாது. பயத்தில் பட்டனில் கை பட்டிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் என்னைப் பார்த்து மற்றவர்கள் சொல்வதையே நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை அக்காவின் மகன் குணா வந்தான். பினாங்கில் வேலை, அப்பா இறந்த பிறகு கார் அவன் பெயரில் இருக்கிறது. கடை வாசலில் நின்றுகொண்டே பேசினான்.

"ரெண்டு தடவ பார்த்தும் அதே ரொசாக், ரிப்பேரே ஆவல. பொம்பள கையில குடுத்தா இப்படித்தான் ஆவும். அப்பா அப்பவே சொன்னாரு, அம்மாவுக்கும் காடிக்கும் ஒத்து வராதுன்னு. ஆள் பார்த்துட்டேன், வித்துடப் போறேன்."

"வித்துட்டா அம்மா எப்படி தம்பி ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?"

"யாராவது கூட்டிட்டுப் போவாங்க லா."

யாராவது. அந்த 'யாராவது' யார் என்று கேட்டேன், அவன் போனை எடுத்துப் பார்த்தான். அக்கா அவன் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பானரை மேசையில் எறிந்துவிட்டு, திங்கட்கிழமை வரை நேரம் கொடு, அன்றைக்கும் ஏறினால் நானே உனக்கு போன் போட்டு விற்கச் சொல்கிறேன் என்றேன். சரி என்று போனான்.

திங்கட்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் அக்கா வீட்டுக்கே போனேன். ஸ்டீரிங்கை அக்காவின் கை எட்டுகிற உயரத்தில் வைத்தேன். பிறகு நான் முதலில் சொன்னேனே, அந்த வேலையைச் செய்தேன். பியூஸைப் பிடுங்கினேன், பிளக் இரண்டையும் கழற்றினேன், சோப்பு டப்பா அளவு இருக்கும் அந்தப் பெட்டியையும் பிடுங்கினேன். கரண்ட் இல்லாவிட்டால் அந்தத் தண்டு அசையவே அசையாது. உள்ளே இருக்கும் பல்சக்கரம் அப்படி, ஓர் ஆளே பிடித்துத் தொங்கினாலும் ஓர் இழை நகராது. ஸ்டீரிங் திருப்புவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் கார் வழக்கம்போல ஓடும். இனி பேயே வந்தாலும் பேட்டரி கொண்டுவந்தால்தான் உண்டு என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

பத்து மணிக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். அக்கா ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முச்சந்தி வந்தது. குலை ஏற்றிய லாரி ஒன்று போனது, அதற்கு வழி விட்டு அக்கா வெளியே திருப்பினார், ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டோம்.

அந்தச் சத்தம் வந்தது. மோட்டார் சுற்றும் மெல்லிய சத்தம், ஆயிரம் தடவை கேட்டது, தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஸ்டீரிங் மேலே ஏறியது. அவசரமே இல்லாமல், தன் இடத்துக்குப் போகிற ஆள் மாதிரி ஏறியது. அக்காவின் இரண்டு கையும் அதோடு மேலே போயின, தோள் போனது, அவர் தாடையைத் தூக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தார். கத்தவில்லை.

"பாரு திலகா. இப்படித்தான்" என்றார்.

நான் வலது கையை நீட்டித் தண்டைப் பிடித்து என் முழுப் பலத்தையும் போட்டுக் கீழே அழுத்தினேன். என் கையையும் சேர்த்துக்கொண்டு அது மேலே போனது. பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு நொடி பயந்தது உண்மைதான், ஆனால் அதற்கு மேல் கோபம்தான் வந்தது. செத்தும் கொடுத்தவர்கள் என்று சிலரைச் சொல்வார்கள், அக்கா புருஷன் இந்த மனுஷன் செத்தும் கெடுக்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"யோவ்! ஒனக்கு வெக்கமா இல்ல? அந்தம்மா என்ன சினிமா பாக்கவா போவுது? ஒடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரிக்குப் போவுதுய்யா! விடுய்யா அத!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது.

அது நிற்கவில்லை. உச்சம் வரை போய், டக்கென்று முட்டி, சத்தம் அடங்கியது. பெட்டி என் மடியிலேயே இருந்தது.

அக்கா ஓரமாக நிறுத்தினார். "அந்த மனுசனுக்கு யாரு சத்தம் போட்டாலும் காதுல ஏறாது. நீ தொண்டையக் கெடுத்துக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் சாய்ந்துகொள்ள அவர் கொண்டுபோகும் தலையணை இரண்டு அங்கே கிடந்தன. இரண்டையும் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஏறி உட்கார்ந்தார். இப்போது கை எட்டியது. கால் நுனிதான் பிரேக்கில் பட்டது.

"ரெண்டு வாரமா இப்படித்தான் போறீங்களா?" என்று கேட்டேன்.

"கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசமா இப்படித்தான் போறேன்" என்று சொல்லி கியரைப் போட்டார்.

சுங்கைப் பட்டாணி வரும்வரை அந்தப் பெட்டியை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த மனுஷன்மேல் வந்த கோபத்தைவிட அந்தத் தலையணைகள்மேல் வந்த கோபம்தான் எனக்கு அதிகம்.

அக்கா உள்ளே படுத்திருந்த நான்கு மணி நேரத்தில் நான் காரைக் கடைக்குக் கொண்டுபோய் அந்த மேலேற்றும் மோட்டாரையே அறுத்தெடுக்காத குறையாகக் கழற்றினேன். பக்கத்து வெல்டிங் கடையில் தடித்த இரும்புப் பட்டை ஒன்றை வெட்டி வாங்கி, ஸ்டீரிங் தண்டை அக்காவின் உயரத்தில் வைத்து, நான்கு போல்ட் போட்டு முறுக்கினேன். இனி அந்தக் காரை அக்காவைத் தவிர வேறு யார் ஓட்டினாலும் முட்டி இடிக்கும். குணாவுக்கு போன் செய்து மோட்டார் ரொசாக், எடுத்துவிட்டேன், இனி ஏறாது என்றேன். பாதி உண்மைதானே. அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தத் தலையணைகளை என் கடை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார்.

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. அக்கா ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறார், போகிறார்.

மோட்டாரைக் கடை அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் ஏதோ தோன்றி அதன் சுழலும் தண்டுக்கும் உடம்புக்கும் சேர்த்துச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டேன். செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு அந்தக் கோடு நேராக இருக்கும். திங்கள், புதன், வெள்ளி பத்து மணிக்கு மேல் பார்த்தால் விலகியிருக்கும். ஒரு வயரும் இல்லாத மோட்டார், நம்பினால் நம்புங்கள். சுற்றும்போது நான் பார்த்ததில்லை. கண் வைத்தால் அசையாது, போன் அடித்துத் திரும்பினால் முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சனியன் தொலையட்டும் என்று பழைய இரும்பு எடுக்கும் லாரியில் தூக்கிப் போட்டேன். அரை மணி நேரத்தில் அக்கா போன் செய்தார், ஓரமாக நிறுத்தியிருக்கிறாராம். "தங்கச்சி, போல்ட்டு ஏதும் லூசா இருக்கா? ஸ்டீரிங்கு லேசா ஆடுதே." அது என் கடையில் கிடந்தவரைதான் அந்த மனுஷன் காரை விட்டுவைத்திருந்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மோட்டார் சைக்கிளில் லாரியைத் துரத்திப் போய், தகரமும் சட்டியுமாகக் குவிந்து கிடந்ததைக் கிளறி அதை எடுத்து வந்தேன். பிறகு அக்காவைப் போய்ப் பார்த்தேன், நான்கு போல்ட்டும் நான் முறுக்கியபடியே இருந்தன, ஸ்டீரிங்கும் ஆடவில்லை.

அன்றிலிருந்து அந்த மோட்டார் என் மேசையில் பூட்டியிருக்கும் வைஸில் இருக்கிறது, இரும்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளுமே, அந்த வைஸ்தான். சுழலும் தண்டை அதன் வாயில் கொடுத்து இறுக்கியிருக்கிறேன். வேறு வேலைக்கு இன்னொரு வைஸ் வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. காலையில் பத்து மணிக்குப் பார்த்தேன், அவ்வளவு இறுக்கியும் கோடு ஓர் அரிசி அளவு விலகியிருந்தது. இழுத்துப் பார்யா என்று சொல்லிக்கொண்டு கைப்பிடியை இன்னும் கால் சுற்று முறுக்கினேன். அந்தக் கறுப்புக் கார் என் கடையைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும்வரை அதை நான் விடவில்லை.