நாற்பத்தேழாவது கேள்விக்கு விடை ‘சி’

போன வெள்ளிக்கிழமை முருகனிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவரும் பதில் சொன்னார். அப்படித்தான் ஒரு பத்து நிமிடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் தூக்கம் போய்விடுகிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு ஜெயசீலி அக்கா, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பன்னிரண்டு வருட சர்வீஸ். குத்துவது தெரியாமல் ஊசி போடும் கை. ஆனால் அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்க்க அந்தக் கை மட்டும் போதாதாம்... ஒரு பரீட்சை எழுத வேண்டும். சென்னைக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நாலு விடையில் ஒன்றை ‘க்ளிக்’ செய்ய வேண்டும். அக்கா ஒரு தடவை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. அடுத்த மாதம் இரண்டாவது தடவை. இதிலும் போனால் ஏஜென்சிக்காரர்கள் ஃபைலை மூடிவிடுவார்கள்.

எம்.சி.ஏ. முடித்துவிட்டு, இந்தப் பத்திரிகைப் பத்தியையும் வேலைக்கு அப்ளிகேஷன்களையும் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கும் நான் சும்மா இருப்பேனா? செங்கல் சைஸில் இருந்த கேள்வி-பதில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அக்கா டியூட்டி முடிந்து வந்து கீரை ஆயும்போது, நான் கேள்விகளை வாசிப்பேன். டி.வி.யில் கேட்ட அமெரிக்க உச்சரிப்பில்!

நாற்பத்தேழாவது கேள்வி இது: திருமதி ஜான்சன், வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டுக்கொண்டார், காலை உணவு சாப்பிடவில்லை. இப்போது வியர்க்கிறது, கை நடுங்குகிறது, எல்லோர் மீதும் எரிந்து விழுகிறார், பேச்சு குழறுகிறது. நர்ஸ் முதலில் செய்ய வேண்டியது என்ன? ஏ — டாக்டருக்குப் போன் செய்வது. பி — இன்சுலின் போடுவது. சி — ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பது. டி — குறித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கழித்துப் பார்ப்பது.

“ஆரஞ்சு ஜூஸா? எந்த வார்டுலடி ஆரஞ்சு ஜூஸ் இருக்கு?” என்றார் அக்கா. “நாங்க குளுக்கோஸைக் கரைச்சு வாயில ஊத்திட்டுப் போய்ட்டே இருப்போம்.”

“குளுக்கோஸ் ஆப்ஷன்ல இல்லக்கா. சி போடுங்க, சி!”

மூன்று தடவை திருப்பி வாசித்த கேள்வி அது. மூன்று தடவையும் அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் ‘சி’ என்றேன்.

“பேசாம நீ போயி எழுதிட்டு வாடி. நான் இங்கன உக்காந்து உன் பத்தியை எழுதுறேன்” என்று தலையில் ஒரு தட்டு தட்டினார்.

எனக்கு அம்புட்டுப் பெருமை! ஸ்டெதஸ்கோப் ஒன்றுதான் பாக்கி.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். தைப்பூச சமயம். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காக எங்கள் தெரு முனையில் பந்தல் போட்டு நீர்மோரும் அன்னதானமும் நடக்கும். எங்கள் வீட்டில் இந்த வருடம் மாலை போட்டவர் என் அத்தை மீனாட்சி, அப்பாவின் தங்கை. பச்சைப் புடவை, கழுத்தில் துளசி மாலை, ஒருபொழுது விரதம். பகல் பூஜை முடிந்துதான் அன்றைக்கான சாப்பாடு.

மாலை போட்டதும் பேர் போய்விடும், தெரியும்தானே? ஆணோ பெண்ணோ, எல்லாரும் ‘சாமி’தான். ‘சாமி, குளிச்சாச்சா?’ ‘சாமி, கொஞ்சம் நகருங்க, பெருக்கணும்’... ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இதே பாஷை.

அத்தைக்கு நாலு வருடமாகச் சர்க்கரை. அதற்காகவே மாலை போடும்போது குருசாமியிடம் முறையாக ஒரு சந்தேகம் கேட்டாராம்: “மாத்திரை முழுங்குனா ஒருபொழுது போயிருமா சாமி?”

குருசாமி நெய்க்காரப்பட்டிக்காரர். இங்கே அரிசி மண்டி வைத்து முப்பது வருடம் ஆனாலும் பேச்சு மட்டும் இன்னும் அந்தப் பக்கத்துக் கொங்குப் பேச்சுதான். “மருந்துக்கு விலக்கு உண்டுங்க சாமி. தாராளமா போடுங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அத்தையும் தாராளமாகப் போட்டார். தினமும் காலையில் மாத்திரை... வெறும் வயிற்றில்... பிறகு பகல் வரை பச்சைத் தண்ணீர். கேட்டதிலும் சொன்னதிலும் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் மாத்திரையையும் பட்டினியையும் கூட்டிப் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை பந்தலில் ஏகக் கூட்டம். பூஜை தள்ளிக்கொண்டே போனது. மணி ஒன்று ஆகியும் இலை போடவில்லை. காரைக்குடிப் பக்கமிருந்து காவடியோடு ஒரு கோஷ்டி வந்து இறங்கியது. உறுமி மேளம் அதிர்ந்தது. மோர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தையின் கையிலிருந்து சொம்பு நழுவியது.

உடம்பெல்லாம் நடுங்கியது. ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிட்டது. பிடிக்கப் போன அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, ஒருநாளும் அதட்டிப் பேசாத அத்தை, என்னவோ குழறிக் கத்தினார். கண்கள் யாரையும் பார்க்கவில்லை.

“அரோகரா! சாமி எறங்கிருச்சு!”

யார் சொன்னார்கள் என்று தெரியாது. அடுத்த நொடி சூடம் ஏற்றியாயிற்று. நெற்றி நிறையத் திருநீறு. உறுமிக்காரர் இன்னும் வேகமாக இழுத்தார். பெண்கள் வாக்குக் கேட்க வரிசை கட்டினார்கள். வரிசையில் முதல் ஆள் யார்?

நான்தான்.

கை கூப்பி, கண்ணில் நீரோடு கேட்டேன்: “சாமி, ஜெயசீலி அக்கா இந்தத் தடவை பாஸ் பண்ணிருமா?”

அத்தை தலையைத் தொங்கப் போட்டபடி, “போ... போ...” என்றார்.

“போயிரும்னு சொல்லிருச்சு! அமெரிக்கா போயிரும்!” என்று நான் துள்ளியதைத் தெருவே பார்த்தது.

அந்த நேரத்தில்தான் ஜெயசீலி அக்கா டியூட்டி முடிந்து, வெள்ளை யூனிஃபார்மோடு தெருவுக்குள் நுழைந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் சூடத்தைப் பார்க்கவில்லை, அத்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று வியர்வை. சட்டென்று திரும்பிக் கேட்டார்:

“சாமி காலையில சாப்டுச்சா?”

உறுமி நின்றுவிட்டது.

குருசாமிக்கு முகம் சிவந்தது. கோபத்திலும் அவருக்கு ‘ங்க’ போடாமல் பேச வராது. “ஏனுங்க சிஸ்டர், முருகன் எறங்கி நிக்கறான், அவனைப் பார்த்து சாப்டியான்னு கேக்கறீங்க? சர்ச்சுக்குப் போற புள்ள நீங்க, உங்களுக்குத் தெரியாதுங்க. தள்ளி நில்லுங்க.”

“ஐயோ, நான் முருகனைக் கேக்கலைங்கய்யா. மீனாட்சி அத்தையக் கேட்டேன். மாத்திரை போட்டாங்களா?”

“போட்டா. சாப்பாடுதான் இன்னும்...” என்று அம்மா இழுத்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. திட்டவில்லை, கத்தவில்லை. “நாப்பத்தேழுடி” என்றார்.

வாசகர்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வியர்வை, நடுக்கம், எரிந்து விழுதல், குழறல். வயதுகூட அதே நாற்பத்தெட்டு! எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘சி’ என்பேன். அந்தக் கேள்வி என் கண் முன்னால், என் சொந்த அத்தையாக, பச்சைப் புடவை கட்டி நின்றது... நான் கை கூப்பிக் குறி கேட்டேன்.

“சீனி எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்!” என்றார் அக்கா.

“விரதம் முடியலைங்க. பூஜைக்கு முன்னால வாயில ஒண்ணும் படக் கூடாதுங்க” என்று குறுக்கே நின்றார் குருசாமி. இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். அத்தையின் தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அம்மா “என் நாத்தனாருக்கு என்னமோ ஆகுதே...” என்று அழ ஆரம்பித்தார். 

ஜெயசீலி அக்கா வாதாடவில்லை. குருசாமியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: “சரிங்கய்யா. சாமிக்குப் பிரசாதம் குடுக்கலாம்ல?”

குருசாமி அக்காவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரே திரும்பி, தன் தோள் பையிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து நீட்டினார். முருகனுக்குப் பஞ்சாமிர்தம் கூடாது என்று எந்தக் குருசாமியால் சொல்ல முடியும்?

அத்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, “அத்தை, இங்க பாருங்க, முழுங்குங்க... ம், முழுங்குங்க” என்று அதட்டி, முழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார் அக்கா. பிறகு சீனித் தண்ணீர். குருசாமி சொம்பைப் பிடித்துக்கொண்டார்.

கால் மணி நேரம் இருக்கும். அத்தை கண்ணைக் கசக்கினார். சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். தன் மேல் கொட்டியிருந்த திருநீற்றைப் பார்த்தார்.

“ஏண்டி, என்னமும் எழவா? எல்லாரும் ஏன் இப்பிடி நிக்கிறீங்க?” என்றவர், நாக்கைச் சப்புக்கொட்டினார். முகம் மாறியது. “அடிப் பாவிகளா... என் ஒருபொழுதைக் கெடுத்தது எவடி?”

சிரிப்பும் அழுகையுமாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றினோம். வேண்டாம், சரியாகிவிட்டது என்று அடம்பிடித்தார். “மாத்திரை இன்னும் உள்ளதான் இருக்கு அத்தை, திரும்பவும் சர்க்கரையை இறக்கிரும்” என்று அக்கா விடவில்லை. டிரிப் ஏற்றி ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். “இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா நெனவே தப்பியிருக்கும்” என்று டாக்டர் சொன்னபோது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் என் பின்னால் இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் கேட்டு முடிக்கும் வரை... வேண்டாம். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

மறுநாள் மாலை புத்தகத்தோடு போனேன். அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

“அக்கா, எனக்கு விடை தெரியும்க்கா. தெரிஞ்சும்...”

“உனக்கு ஆப்ஷன் தெரியும்” என்றார் அக்கா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு அந்த வேர்வை தெரியும், ஆப்ஷன்தான் ஒதைக்குது. ரெண்டு பேரும் அரைக் கிணறுதான் தாண்டிருக்கோம். இனிமே அந்த நாலு விடையையும் அட்டையை வச்சு மூடு. திருமதி ஜான்சன் வேண்டாம். நம்ம தெரு ஆளு பேரைப் போட்டுப் படி.”

அப்படித்தான் இப்போது படிக்கிறோம். அறுபது வயதுக்காரர், நெஞ்சில் பாரம், வியர்வை, ‘அஜீரணம்’ என்கிறார். நம் ஊரில் இதற்கு என்ன பேர்? ‘கேஸ் ட்ரபிள்... ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்.’ திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கை தூக்க வரவில்லை. நம் ஊரில்? ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு, மந்திரிக்கணும்.’ ஒவ்வொரு கேள்வியிலும் தெரிந்த முகம் ஒன்று வந்து நிற்கிறது. புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகிற ஆட்கள், எங்கள் தெருவில் பெயரும் கதவு எண்ணுமாக இருக்கிறார்கள். நான் இப்போது உச்சரிப்பு காட்டுவதில்லை.

அக்கா முன்னைவிடச் சரியாகச் சொல்கிறார் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

குருசாமி நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாளாக மண்டிக்கு வருகிற சாமிகளிடமெல்லாம் ‘சர்க்கரை இருக்குதுங்களா, மாத்திரை போடறீங்களா, டாக்டரைக் கேட்டீங்களா’ என்று விசாரிக்கிறாராம். போகும்போது, அத்தையைப் பார்க்க வந்திருந்த ஜெயசீலி அக்காவிடம், “நீங்க பயப்படாம எழுதுங்க சிஸ்டர். அன்னைக்கே முருகன் ‘போ’ன்னு உத்தரவு குடுத்துட்டானுங்களே” என்றார்.

கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா நீ மூஞ்சிக்கிட்ட வந்து நின்னியாம்ல? ‘தள்ளிப் போ’ன்னு சொல்லியிருப்பேன்டி.”

உங்கள் தெருவிலும் சாமி வரும். விழுந்து கும்பிடுங்கள், நானும் கும்பிடுவேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்... ‘சாமி சாப்பிட்டாச்சா?’