நான் இளைத்த பன்னிரண்டு கிலோ

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் இளைத்துப்போனால் ஊர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடும். ஒன்று அவனுக்குச் சர்க்கரை, இல்லாவிட்டால் வீட்டில் சண்டை. விடியற்காலையில் எழுந்து, வியர்த்து விறுவிறுத்து, வேண்டுமென்றே இளைத்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அப்டியா" என்று என்னிடம் தலையாட்டிவிட்டு, என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாமா, வூட்ல எல்லாம் நல்லாத்தானே கீது?" என்று விசாரிப்பார்கள்.

பொன்னேரியில் எனக்கு நாற்காலி வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலிக்கும் எனக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் போயிருந்தது. முட்டி வலி என்று டாக்டரிடம் போனேன். அவர் முட்டியைப் பார்க்கவேயில்லை, வயிற்றைத்தான் பார்த்தார். "ஒரு மூட்டையத் தூக்கிக்கிட்டே நடக்கறீங்க சார். முட்டி இன்னா பண்ணும்? இறக்கி வைங்க" என்றார். டாக்டர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் நாம் பீஸ் கொடுக்கிறோம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரமே மருந்துக்கடைக்காரர் ஒரு கியர் சைக்கிளோடு வந்து நின்றார்.

நாங்கள் நான்கு பேர். மருந்துக்கடைக்காரர், வங்கியில் காசாளராக இருப்பவர், ரைஸ்மில் வைத்திருக்கும் நண்பர், நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரியிலிருந்து கிளம்பி, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு வரை போய்த் திரும்புவது ஏற்பாடு. அதற்கென்று பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை வாங்கினோம். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, என் மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தாள். "இன்னாங்க, பின்னாடி தலகாணி கட்டிக்கினு கீறீங்க? வழியில தூங்கப் போறீங்களா?"

எங்கள் சைக்கிள்களின் எடையைக் குறைப்பதில் நாங்கள் காட்டிய அக்கறையை எங்கள் எடையில் காட்டியிருந்தால் ஒரே மாதத்தில் நான்கு பேரும் காற்றில் பறந்திருப்போம். காசாளர் மணியைக் கழற்றினார். மாடு குறுக்கே வந்தால் வாயாலேயே "டிங் டிங்" என்பார். மருந்துக்கடைக்காரர் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, போகும் இடமெல்லாம் சைக்கிளைச் சாய்க்க மரம் தேடினார். பிறகு திருப்பாலைவனத்தில் இறங்கி, ஆளுக்கொரு பொங்கல், மேலே வடை, அதற்கு மேலே இன்னொரு வடை. ரைஸ்மில் நண்பர் மட்டும், "எனக்கு ஒண்ணும் வேணாம்பா, டயட்டு" என்று சொல்லிவிட்டு எங்கள் மூன்று தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிடுவார். எங்கள் நால்வரில் கடைசிவரை ஒரு கிராம்கூடக் குறையாதவர் அவர்தான்.

எடை பார்ப்பதற்கு எங்களுக்கு வாய்த்த இடம் பழவேற்காட்டு இறால் கொட்டகை. அங்கிருந்த வியாபாரி என் மனைவி வழியில் தெரிந்தவர். கூடை நிறுக்கும் மேடைத் தராசில் எங்களையும் ஏற்றுவார். முதல் தடவை நான் ஏறியது ஒரு சாயங்காலம், காய்ந்த சட்டையில். தராசு காட்டியதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏறியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், சைக்கிளை விட்டு இறங்கிச் சொட்டச் சொட்ட. எங்கள் பக்கத்தில் ஈரத்தோடு வரும் எந்தச் சரக்கையும் யாரும் முழு எடைக்கு எடுப்பதில்லை. இறாலோடு வரும் தண்ணீருக்கும் ஐசுக்கும் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் எடை சொல்வார்கள். அதற்குத் தண்ணிக் கழிவு என்று பெயர். என்னை ஒரு பார்வை பார்த்த வியாபாரி, கைப்பழக்கத்தில், "தண்ணிக் கழிவு ரெண்டு கிலோ" என்றார். என்னிடம் அவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. வாரா வாரம் கழித்தோம். மற்றவர்களும் கழித்துக்கொண்டார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

அப்படியும் உண்மையிலேயே இளைத்தேன். வடையை விட்டதும் நன்றாக இளைத்தேன். அந்த வருஷம் மழை முடிந்து மார்கழி வந்தபோது கழிவையும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனைவியின் தம்பிக்கும் போனில் சொன்னேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

என் மாமனார் வீடு பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் குப்பத்தில். நான் திருப்பாலைவனத்து நெல் விவசாயக் குடும்பம். நாங்கள் இருவரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். மாமனார் சண்டை போடவில்லை, பேசாமல் இருந்துவிட்டார். அதற்குச் சண்டையே மேல். என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் "நெல்லுக்காரரு" என்பார். "நெல்லுக்காரருக்குச் சோறு போடு." "நெல்லுக்காரரு கிளம்பிட்டாரா?" மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் உறவு சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு நீந்தத் தெரியாது, வலை இழுக்கத் தெரியாது, மீனில் முள் எடுக்கவே என் மனைவி வேண்டும். அந்த வீட்டில் நான் ஒரு சாப்பிடும் விருந்தாளி. அவ்வளவுதான்.

அது மாறியது என் உடம்பால். காணும் பொங்கல் அன்று ஏரிக்கரைக் குப்பங்களுக்குள் பாய்ப் படகுப் போட்டி நடக்கும். தண்ணீருக்கு நடுவே நட்ட கொம்பைச் சுற்றிவிட்டுக் கரை திரும்ப வேண்டும். வாடைக் காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒரு பக்கமாகச் சாயும். அதைச் சமாளிக்கக் காற்று வரும் பக்கத்தில் ஒரு பலகையை வெளியே நீட்டி, அதன் நுனியில் கனமான ஆளை உட்கார வைப்பார்கள். கொம்பைச் சுற்றியதும் காற்று மறுபக்கம் வரும். பலகை மாறும், ஆளும் சட்டென்று மாற வேண்டும். ஒரு வருஷம் வழக்கமாக உட்காரும் ஆளுக்குக் காய்ச்சல். கரையில் நின்றிருந்த என்னை மாமனார் மேலிருந்து கீழே பார்த்தார். "இங்க வாங்க" என்றார். கல்யாணமாகி அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. ஏரியில் அந்த இடத்தில் தண்ணீர் மார்பளவுதான் என்று மனைவி சொன்னதை நம்பி ஏறினேன். மாமனார் சுக்கான் பிடித்தார், என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பாயைப் பிடித்தான். "மாறு!" என்று மாமனார் கத்தியதும் பயத்தில் நான் மாறிய வேகம் எனக்கே ஆச்சரியம். அன்று ஜெயித்தோம். அதிலிருந்து வருஷா வருஷம் அந்தப் பலகை எனக்குத்தான். ஒரு நாளைக்கு மட்டும் நான் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவன்.

இதை நான் சைக்கிள் ஓட்டும்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இறால் கொட்டகையில் நிற்கும்போது மச்சான் வந்தான். என்னைப் பார்த்தவன் முகம் விழுந்துவிட்டது. என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். கொஞ்சம் தூக்கியும்விட்டான்.

"இன்னா மாமா இது? கழுத தேஞ்சி கட்டெறும்பு ஆன கதையா கீது!"

"பன்னெண்டு கிலோ மச்சான்" என்றேன். பெருமையை அடக்க முடியவில்லை.

"பன்னெண்டு கிலோ போச்சுன்னா பலகைல யாரு ஒக்காருவா? பேஜாரு பண்ணிட்டியே மாமா. பொங்கலுக்கு அப்பறம் எளச்சிருக்கக் கூடாதா?"

அப்போதுதான் ரைஸ்மில் நண்பர் தராசிலிருந்து இறங்கினார். மச்சானின் கண் அவர் மேலேயே நின்றது. வாங்க வேண்டிய மாட்டைப் பார்ப்பதுபோல அவரைச் சுற்றி வந்தான். "சார், உங்களுக்குப் படகு பழக்கம் உண்டா?" என்றான், ரொம்ப மரியாதையாக. ஒரு வருஷமாக எங்களிடம் கேலி வாங்கிக்கொண்டிருந்த நண்பர் அன்று மார்பை நிமிர்த்திக்கொண்டார். நாங்கள் வியர்வை சிந்திக் குறைத்தோம், அவர் பொங்கல் தின்றே என் இடத்தைப் பிடித்துவிட்டார்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நாளையிலேர்ந்து மூணு வேளையும் ஆப்பம் சுடறேன், துன்னுங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நைனா உங்களப் படகுல ஏற வாணாம்னு சொல்ல மாட்டாரு" என்றாள். "கூப்பிடவும் மாட்டார்" என்றேன்.

போட்டிக்கு முந்தைய நாள் ஒத்திகை. நான் கரையில் நின்றேன். நண்பர் பலகையில் உட்கார்ந்ததும் படகு கோவில் தூண் மாதிரி நிமிர்ந்து ஓடியது. மச்சான் பாயைப் பிடித்துக்கொண்டு, "சோக்கா கீது!" என்று கத்தினான். கொம்பு வந்தது. மாமனார் "மாறு!" என்றார். நண்பர் மாறவில்லை. "மாறு! மாறு சார்!" நண்பர் பலகையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். படகு அவர் பக்கமே படுத்தது. மார்பளவு தண்ணீரில் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நண்பர் மட்டும் அப்போதும் பலகையை விடவில்லை.

கரை ஏறியதும் அவர், "இனிமே நான் சைக்கிளே ஓட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட நேராக டீக்கடைக்குப் போய்விட்டார். மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அடுத்த கரையில் எங்கள் போட்டிக் குப்பமான பசியாவரத்துப் படகு சும்மா ஒரு வட்டம் போட்டுக் காட்டியது.

"நைனா, மணல் மூட்ட கட்டிக்கலாமா பலகைல?" என்றான் மச்சான்.

"மூட்டைக்குக் காது கீதா?" என்றார் மாமனார். வேட்டியைப் பிழிந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மகனிடம் கேட்டார்: "நெல்லுக்காரரு எவ்ளோ எளச்சாரு?"

"பன்னெண்டு கிலோவாம்."

"பன்னெண்டு கிலோ மணல நிறுத்துக் கட்டு. அவுரு மடியில வையி. எளச்சத அவுரே தூக்கிக்கினு மாறட்டும்."

பத்துதான், இரண்டு கிலோ தண்ணிக் கழிவு என்று சொல்ல வாயெடுத்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு என்று தம்பட்டம் அடித்தது இந்த வாய்தான். மூடிக்கொண்டேன். மச்சான் இறால் கொட்டகைக்கு ஓடி, அதே தராசில், ஒரு கைப்பிடி கூடக் குறையாமல் நிறுத்துக்கொண்டு வந்தான். காய்ந்த மணல். அதற்குக் கழிவு கிடையாது.

மறுநாள் பலகையின் நுனியில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாதி சும்மா உட்கார்ந்திருப்பதுதான், பரவாயில்லை. கொம்பில் "மாறு!" என்ற சத்தம் வந்தது. மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழுந்தேன். முட்டியில் பழைய இடத்தில் பழைய வலி சுரீரென்று பிடித்தது. அப்போதுதான் டாக்டர் சொன்னது எனக்கு உறைத்தது. இதைத்தான் இத்தனை வருஷம் மாடிக்கும், சந்தைக்கும், படுக்கைக்கும் தூக்கிப் போயிருக்கிறேன். ஒரு தடவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் மூச்சு வாங்கியது. விழுந்து எழுந்து மாறினேன். படகு நிமிர்ந்தது. இரண்டாவதாக வந்தோம். முதலில் வந்தது பசியாவரம். அவர்களுடைய ஆள் அந்த வருஷம் இளைக்கவில்லை.

கரையில் மூட்டையை இறக்கி வைத்தேன். மனைவி அதைத் தூக்கிப் பார்த்து, முடியாமல் மணலிலேயே வைத்துவிட்டாள். "இதையாங்க உள்ள வெச்சிக்கினு இருந்தீங்க?" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் சொல்லி முடிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் வந்து மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்க்கப் போனான், மணலைக் கொட்ட.

"கொட்டாத" என்றார் மாமனார். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. "வூட்டுக்கு எடுத்துப் போயி பாய் பக்கத்துல மாட்டி வையி. அது மாப்ளையோடது."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை எனக்கு அன்றுதான் கிடைத்தது.

மூட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அதில் இரண்டு கிலோ நான் இளைத்ததே இல்லை என்பது எனக்கும் என் சைக்கிள் கூட்டத்துக்கும் இறால் வியாபாரிக்கும் மட்டும்தான் தெரியும். எடுத்துவிட்டால் முட்டிக்கு நல்லது. ஆனால் மாமனார் மொத்த மூட்டையையும் சேர்த்துத்தான் மாப்பிள்ளையோடது என்று சொன்னார், அதனால் முழுசாகவே தூக்குகிறேன்.