வளராத மீன்கள்

ஓசூரில் ஒரு தொழிற்சாலை. அதன் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிரிவில் அவர் ஆபரேட்டர். ஐம்பது வயதிருக்கும். ரசாயனம் பட்டுப் பட்டு விரல் நகங்களெல்லாம் மஞ்சளாகியிருந்தன. சட்டைப் பையில் எப்போதும் ஒரு துணி வைத்திருப்பார். பேசும்போதெல்லாம் பக்கத்திலிருந்த மீன்தொட்டியின் கண்ணாடியை அதனால் துடைத்துக்கொண்டே இருப்பார். சுத்திகரித்த தண்ணீர் அந்தத் தொட்டி வழியாகத்தான் வெளியே போகும். மீன் உயிரோடு இருக்கிறது, அதனால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள்.

சுற்றுச்சூழல் தணிக்கைக்காக நான் அங்கே போனது அது இரண்டாவது முறை. மேனேஜர் போன் பேச வெளியே போயிருந்தார். சும்மாதான் கேட்டேன்.

“போன வருஷம் பார்த்த அளவிலேயே இருக்கே. உங்க மீன் வளரவே வளராதா?”

“எங்கங்க சார் வளர்றது? காலைல எங்க ஊரு ஏரியிலருந்து புடிச்சாந்து வுடுறேன். சாயந்தரம் வரைக்கும்தான் தாங்குது.”

வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

“மேனேஜர்கிட்ட சொல்லலையா?”

“சொன்னனே. மிசினை மாத்தணும்னு சொன்னேன். மீனை மாத்துன்னாங்க.”

“போன வருஷமே என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“நீங்க கேக்கலியே சார். போட்டோ புடிச்சீங்க, போயிட்டீங்க.”

மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அது கோபமா வருத்தமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பசுமைக்கு மாறிவிட்ட நிறுவனம் என்று முதல் முறை போய்வந்து நான் எழுதிய அறிக்கைக்கு அந்தப் போட்டோதான் அட்டைப்படம். அதிலிருந்த மீன் அன்று சாயந்தரமே செத்திருக்கிறது.